ஸ்டீயரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன் பயந்த சுபாவக்காரன். அந்த வேலைக்கு அது நல்ல குணம்தான். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் எதையும் தொடமாட்டான். பெட்ரோல் வாசனை வந்தால் பீடியை அணைப்பான், அணைத்த பீடியையும் தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவான். அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவான்.

அப்படிப்பட்டவனும் ஒரு முரட்டு வேலை செய்வதுண்டு. ஃப்யூஸ் போடப் போட எரிந்துகொண்டே இருக்கிறது, ஒயர் எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்து ஒரு நொடி சுவிட்சைப் போட்டுப் பார்ப்பான். ஃப்யூஸ் என்றால் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். கம்பி எரியாது, ஒயரைத்தான் எரிக்கும். எங்கே புகை கிளம்புகிறதோ அங்கேதான் கோளாறு. அந்த வட்டாரத்தில் எல்லாருமே அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

கம்பியை எடுக்க மறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருந்தான். கம்பியை வைக்கும் முன் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவான். கம்பியை எடுத்த பிறகுதான் துணியை அவிழ்ப்பான். எட்டு வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை. இந்தச் சட்டத்தை அவன் யாரிடமும் சொன்னதும் இல்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

எண்பத்தாறாம் வருஷம், கத்திரி வெயில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. செட்டிகுளம் நல்லுசாமியின் அம்பாசிடர் கொட்டகை வாசலில் வந்து நின்றது. நல்லுசாமிக்குச் செட்டிகுளத்தில் நிறைய நிலம். அந்த வருஷம் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போயிருந்தது. மெட்ராஸில் யாரோ கம்பெனிக்காரர் வைத்திருந்த காரை ஏசியோடு வாங்கி வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் அப்போது ஏசி வைத்த கார் என்றால், நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு அவருடைய மகள் ஜானகியை, மூன்று மாதக் கைக்குழந்தையோடு, மீன்சுருட்டியில் இருக்கும் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். தலைப்பிரசவம் முடிந்து பேத்தி முதன்முதலாகத் தகப்பன் வீட்டுக்குப் போகிறாள். ஏசி காரில் கொண்டுபோய் இறக்கி, சம்பந்தி வீட்டாரை வாய் பிளக்க வைக்கவேண்டும் என்பது நல்லுசாமியின் ஆசை. செட்டிகுளத்தில் கிளம்பிப் பெரம்பலூர் வருவதற்குள் ஏசி இரண்டு தடவை நின்றுவிட்டது.

"ஏம்பா கொளஞ்சி, இதச் சட்டுனு பாரு. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஊரத் தாண்டணும்."

அவர் மனைவி புஷ்பவல்லி குழந்தையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்த பெண் குழந்தை. அது கொளஞ்சியப்பனைப் பார்த்து ஒன்றுமில்லாததற்குச் சிரித்தது.

"தம்பி, நீ ரிப்பேரே பண்ணாட்டியும் பரவால்ல. பச்சப்புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்னு சொன்னா இவரு கேக்க மாட்டேங்குறாரு," என்றாள். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொளஞ்சியப்பன் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தான். சுவிட்ச் வரைக்கும் கரண்டு வந்தது. விசிறி ஓடியது. கம்ப்ரசரைப் பிடித்து இழுக்கிற கிளட்சுக்கு ஒயர் போகிறதே, அந்தப் பக்கம்தான் சந்தேகம். புது ஃப்யூஸ் போட்டான், டப்பென்று போனது. ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டினான். டேஷ்போர்டுக்கு அடியில் கம்பியை முறுக்கி வைத்தான். சுவிட்சைத் தட்டினான். எஞ்சின் பக்கத்தில், இரும்புத் தகட்டை ஒட்டிப் போகிற இடத்தில் மெல்லிய புகை கிளம்பியது. ஒயரின் தோல் தேய்ந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, இது எஞ்சின் சூட்டுலயே போற ஒயருங்க. புதுசு இழுத்து வேற வழியில கொண்டுபோகணும். ஒரு மணி நேரம் ஆவும்."

"மணி பத்தே கால் ஆவுது. இப்ப டேப்ப சுத்திக் குடு, திரும்பி வரப்ப இழுத்துக்கலாம்."

டேப்பைச் சுற்றினான். சுவிட்சைப் போட்டதும் கிளட்ச் டக்கென்று பிடித்தது, சில்லென்று காற்று வந்தது. நல்லுசாமி அந்தக் காற்றில் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கம்பியை எடுத்துவிட்டு ஃப்யூஸ் போடவேண்டும். டப்பாவில் அந்த அளவு ஃப்யூஸ் தீர்ந்துபோயிருந்தது. எதிர்க்கடைக்கு ஓடினான். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது ஒரு லாரிக்காரர் வழிமறித்து, டைனமோ சார்ஜ் ஏறவில்லை என்று தன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

அவரைக் கழற்றிவிட்டு வந்தபோது அம்பாசிடர் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. டிரைவர் அழகேசன் ஸ்டீயரிங்கில் ஒரு முழம் மல்லிகைப்பூவைச் சுற்றியிருந்தான். முன் கண்ணாடியில் புதுசாகச் சந்தனம் வைத்திருந்தான். நல்லுசாமி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். கொளஞ்சியப்பனின் கண் ஸ்டீயரிங்குக்குப் போனது. துணி இல்லை. துணி இல்லாத வண்டி வேலை முடிந்த வண்டி. எட்டு வருஷப் பழக்கம், மூளை வேறு எதையும் கேட்கவில்லை. அவனும் கையை ஆட்டினான்.

பத்து நிமிஷம் கழித்து, பீடி பற்றவைக்கத் தீப்பெட்டிக்காகச் சட்டைப்பையில் கையை விட்டான். கண்ணாடிக் குழாய் ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தான். புது ஃப்யூஸ். அது தன் பையில் ஏன் இருக்கிறது என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. துணியைத் தான் அவிழ்க்கவில்லை. யார் அவிழ்த்தார்கள்? யார் அவிழ்த்தால் என்ன, கம்பி உள்ளே இருக்கிறது. டேப்பு எஞ்சின் சூட்டில் இளகும். அந்தச் செம்பு தகட்டைத் தொட்டால் விளக்குத் திரி மாதிரி ஒயர் முழுக்கப் பற்றிக்கொள்ளும், டேஷ்போர்டுக்கு உள்ளே, கால்விரிப்புக்கு மேலே. ஏசி ஓடுகிற வண்டியில் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும். குளுமையில் எல்லாரும் தூங்கிப்போயிருப்பார்கள். அந்தக் குழந்தை சிரித்தது ஞாபகம் வந்தது.

பெட்ரோல் பங்கில் போன் இருந்தது. யாருக்குச் செய்வது? ஓடுகிற காருக்கு எந்த நம்பர்? அரியலூர் ரோட்டில் ஓடிப்போய் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். சிமெண்டு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

"யோவ், சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" டிரைவர் கிருஷ்ணமூர்த்தி தலையை வெளியே நீட்டிக் கத்தினார். கொளஞ்சியப்பனிடம் ஹாரன் ரிப்பேர் செய்தவர்தான்.

"அண்ணே, முன்னால ஒரு வெள்ள அம்பாசிடரு போவுது. அதப் புடிக்கணும். உள்ள கைப்புள்ள இருக்குண்ணே. வண்டி தீப்புடிச்சுக்கும்."

கிருஷ்ணமூர்த்தி அவன் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

காலி லாரி குதித்துக் குதித்து ஓடியது. கொளஞ்சியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து ரோட்டையே பார்த்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவனுக்குத் தகடும் செம்பும்தான் தெரிந்தன. இந்தப் பள்ளத்தில் தொட்டிருக்குமா? இதில் தொட்டிருக்குமா? தூரத்தில் கருப்பாகப் புகை எழுந்தது. அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. கிட்டே போனால் ரோட்டோரம் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"தாரு," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "தாருய்யா. மூச்ச வுடு."

தார் வேலைக்காரர்களிடம் நிறுத்திக் கேட்டார்கள். வெள்ளைக் கார் போயிற்றா?

"போச்சு, போச்சு. மெதுவா உருட்டிக்கிட்டுப் போனாங்க. பின்னால ஒரு அம்மா புள்ளைக்கு விசிறிக்கிட்டே போச்சு."

"கண்ணாடி எறக்கியிருந்துச்சா?"

"எறக்கித்தான் இருந்துச்சு. இந்த வெக்கையில ஏத்துவாங்களா?"

கொளஞ்சியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி இறக்கியிருந்தால் ஏசி ஓடவில்லை. ஏசி ஓடாவிட்டால் அந்த ஒயரில் கரண்டே இல்லை. புஷ்பவல்லி அம்மாள் புருஷனை ஜெயித்துவிட்டாள். சளி பிடிக்கும் என்று சொன்ன அந்த வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும் என்று நினைத்தான். ஆனால் நல்லுசாமி எவ்வளவு தூரத்துக்கு விட்டுக்கொடுப்பார்? சம்பந்தி ஊர் நெருங்க நெருங்கச் சுவிட்சுக்குக் கை போகாமல் இருக்குமா? பயம் திரும்பவும் வந்து அவன் மடியில் உட்கார்ந்துகொண்டது.

அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸும் லாரியும் மாட்டுவண்டியுமாக நீளமாக நின்றன. கிருஷ்ணமூர்த்தி வரிசையின் வாலில் நிறுத்தினார். வெகு முன்னால், கேட்டை ஒட்டி, ஒரு வெள்ளைக் கூரை தெரிந்தது.

"தோ, அதான! போ, ஓடு."

கொளஞ்சியப்பன் குதித்தான். செருப்பு ஒன்று லாரியிலேயே தங்கிவிட்டது. பாதி தூரம் ஓடியபோது பார்த்தான். அம்பாசிடரின் பின் ஜன்னல் கண்ணாடி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் முன் ஜன்னல் கண்ணாடி ஏறியது.

ஓடுகிற வண்டியில் காற்று வந்தது. நிற்கிற வண்டியில் காற்று ஏது? குழந்தை வெக்கை தாங்காமல் அழுதிருக்கும். இந்தப் பத்து நிமிஷம் போட்டால் குடியா முழுகிவிடும் என்று நல்லுசாமி கேட்டிருப்பார். புஷ்பவல்லியும் சரி என்றிருப்பாள். வெயிலில் நின்று கொதிக்கிற எஞ்சின், அதற்கு மேலே அவன் சுற்றிய டேப்பு.

"ஏசிய அமத்து! அழகேசா, ஏசிய அமத்து!"

அதே நேரத்தில் கூட்ஸ் வண்டி தடதடவென்று கடந்தது. அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் பைத்தியம் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தார்கள். காரை எட்டி டிரைவர் பக்கக் கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தான். உள்ளே அழகேசன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் ஜானகி வாயைத் திறந்தாள். அவள் கத்தினாள் என்பது தெரிந்தது, சத்தம் வரவில்லை. டேஷ்போர்டின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு இழை மேலே வந்துகொண்டிருந்தது.

கதவைப் பிடுங்கித் திறந்தான். ரப்பர் கருகும் நாற்றம் முகத்தில் அடித்தது. சுவிட்சை அணைத்தால் போதும், சாவியைத் திருப்பினாலும் போதும். அது அவனுக்குத் தோன்றவில்லை. கம்பியை வைத்த கை கம்பியிருக்கும் இடத்துக்குத் தானாகப் போனது. இளகி ஒழுகிக்கொண்டிருந்த ஒயரோடு சேர்த்துக் கம்பியை உள்ளங்கையில் பற்றி, ஒரே இழுவையில் பிடுங்கினான். பொறி ஒன்று பறந்து கால்விரிப்பில் விழுந்தது. அழகேசன் அதைச் செருப்பால் மிதித்தான்.

எல்லாரும் இறங்கிப் பக்கத்துப் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்கக் கொளஞ்சியப்பனுக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுகிறது, மூச்சு இருக்கிறது, வேறென்ன வேண்டும்.

புஷ்பவல்லி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவனிடம் வந்தாள்.

"தம்பி, எங்க கொலசாமியே உன்னை அனுப்பியிருக்கு. எங்கேருந்துய்யா வந்தே? இந்தா, இவ தலையில ஒருக்கா கைய வையி."

நல்லுசாமி அழகேசன் பக்கம் திரும்பினார். பயமெல்லாம் கோபமாக மாறி அவர் முகம் சிவந்திருந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்ச வண்டிய? ஏசில என்னத்த நோண்டுன? சரியா ஓடிக்கிட்டிருந்தது எப்படிடா எரியும்?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க மொதலாளி. சத்தியமா எதையும் தொடலைங்க." அழகேசன் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டான். துடைத்தது சிவப்புத் துணியால்.

கொளஞ்சியப்பன் அந்தத் துணியையே பார்த்தான். பச்சைக் குழந்தை ஏறுகிற வண்டியில் எண்ணெய்க் கந்தல் எதற்கு என்று அவிழ்த்திருக்கிறான், பூவைச் சுற்றியிருக்கிறான். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறான். பேசாமல் இருந்துவிட்டால் போதும். கொலசாமி என்ற பெயர் தனக்கு, திட்டு அழகேசனுக்கு. கம்பி தன் மூடிய கைக்குள் இருக்கிறது, கீழே போட்டு மண்ணைத் தள்ளினால் தீர்ந்தது. வெளியே சொன்னால் நல்லுசாமி இங்கேயே கட்டிவைத்து உதைப்பார். பெரம்பலூரில் இனி ஒரு வண்டி தன் கொட்டகைக்கு வராது.

புஷ்பவல்லி குழந்தையின் தலையை அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"அவரத் திட்டாதீங்க ஐயா. நான்தாங்க. ஃப்யூஸ் எடத்துல நான் கம்பி வெச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன். துணி கட்டியிருந்தா கம்பி இருக்குன்னு அர்த்தம். அது எனக்கு மட்டுந்தாங்க தெரியும். அவருக்கு நான் சொல்லவே இல்ல."

கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. புஷ்பவல்லி குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்து போனாள். நல்லுசாமி கையை ஓங்கினார். ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு கீழே இறங்கியது.

"மத்த ஒயரெல்லாம் எப்படி இருக்கு?" என்றார்.

"பாத்துத்தாங்க சொல்லணும்."

"பாரு."

வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். நாலு பேரும் மரத்தடியில் நின்று அவனையே பார்க்க, கொளஞ்சியப்பன் ஒரு கையால் வேலை செய்தான். பேட்டரி ஒயரைக் கழற்றினான். ஏசிக்குப் போகிற ஒயர்களை அடியோடு வெட்டி நுனியை மூடினான். ஹெட்லைட், ஹாரன், பிரேக் விளக்கு என்று ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான், மூன்றாவது தடவையும் பார்த்தான். கடைசியில் அழகேசனிடம் துணியைக் கேட்டு வாங்கி, மல்லிகைப்பூவுக்குப் பக்கத்தில் ஸ்டீயரிங்கில் கட்டினான்.

"கம்பிதான் எடுத்தாச்சே. அது எதுக்கு இன்னும்?" என்றார் நல்லுசாமி.

"வேல முடியலைங்க."

நல்லுசாமி முன் கதவைத் திறந்தார். "ஏறு. என் பேத்தி அந்த வூட்டு வாசப்படி ஏறுற வரைக்கும் நீ இந்த வண்டிய வுட்டு எறங்கக் கூடாது. எரிஞ்சா நீயும் கூட இருக்கணும்."

ஏறினான். நல்லுசாமிக்கும் அழகேசனுக்கும் நடுவில், கம்பி இருந்த இடத்துக்கு நேரே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. அனல் காற்று முகத்தைப் பொசுக்கியது. உடையார்பாளையம் தாண்டியது. பள்ளம் வரும்போதெல்லாம் ஐந்து பேரும் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார்கள்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் பின்னாலிருந்து ஜானகி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, ஏதாச்சும் வாசன வருதா?"

"இல்லம்மா."

கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்டாள். அவனும் திரும்பவும் இல்லம்மா என்றான். சொல்லும்போது அவனுக்கே நம்பிக்கையில்லை. அந்த நாற்றம் மூக்கிலேயே குடியிருந்தது, எது பழசு எது புதுசு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாமி, இன்னும் அஞ்சு மைல், இன்னும் நாலு மைல் என்று எண்ணிக்கொண்டே வந்தான்.

மீன்சுருட்டியில் சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏசி கார் வருகிறது என்று பார்க்க வந்திருந்த கூட்டம், வியர்வையில் நனைந்து இறங்கிய நல்லுசாமியைப் பார்த்து விழித்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. ஆலத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். ஜானகி குழந்தையை ஏந்தி நின்றாள். சிவப்பு நீர் மூன்று சுற்றுச் சுற்றியது. கொளஞ்சியப்பன் காருக்குள்ளேயே உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கால் வாசற்படியைத் தாண்டியது. இடது காலும் தாண்டியது. குழந்தையின் சின்னப் பாதம் நிலைக்கு உள்ளே மறைந்தது.

நல்லுசாமி திரும்பி வந்து காருக்குள் குனிந்தார்.

"இப்ப எறங்கு," என்றார்.

கொளஞ்சியப்பன் இறங்குவதற்காகக் கதவைப் பிடிக்கக் கையை விரித்தான். ரயில்வே கேட்டில் கம்பியைப் பிடுங்கியபோது மூடிய கையை அவன் இன்னும் திறந்திருக்கவில்லை. தோல் கிழிந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவனுக்கு உள்ளங்கை எரிய ஆரம்பித்தது.